அந்த நடை

ஏட்டு என்னிடம் கேட்டாரா, நானாகவே சொன்னேனா? ஏழெட்டு மாதமாக இதைத்தான் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்க்கிறேன். கல்லாவுக்குப் பின்னால் கேமரா வைக்கவில்லை, இருந்தால் பார்த்திருப்பேன்.

கொருக்குப்பேட்டையில் ஒரு மளிகைக்கடை. விடியற்காலை வேலைக்குப் போன ஓர் அம்மாவிடம் ஒருவன் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். விழுந்ததில் அந்த அம்மாவுக்கு முட்டி பெயர்ந்துவிட்டது. கிரைம் டீம் வந்ததும் கடைக்காரர், அங்கே கேமரா மாட்டிக் கொடுத்த எனக்கு போன் போட்டார். கேமரா படம் பதிவாகிற பெட்டி, அந்த டி.வி.ஆர் பாஸ்வேர்டு அவருக்கு என்றைக்குமே ஞாபகம் இருக்காது.

ஓட்டினேன். "ஜூம் பண்ணுப்பா" என்றார் ஏட்டு. பண்ணினால் கட்டம் கட்டமாக உடையும், அவ்வளவுதான். 2 மெகாபிக்சல் கேமரா, அந்த இருட்டு, அந்தத் தூரம். முகம் வெளுத்த உருண்டையாகத்தான் இருந்தது. "வெள்ளைச் சட்டை" என்று குறித்துக்கொண்டார். அங்கேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இரவில் கேமரா அகச்சிவப்பு ஒளியில் எடுக்கிறது. கறுப்பு பாலியஸ்டர் சட்டைகூட அதில் பல சமயம் வெள்ளையாகத் தெரியும். கேமரா மாட்டுகிற எவனுக்கும் தெரிந்த விஷயம். அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

"ஓடுறது நம்ம மீன்கார அக்கா பையன் மாதிரி இருக்கு சார்."

இடது காலைக் கொஞ்சம் வெளியே வீசி ஓடுவான். தெருவில் பந்தாடும்போது பார்த்திருக்கிறேன். 'மாதிரி' என்றுதான் சொன்னேன். ஏட்டு 'மாதிரி'யை எழுதிக்கொண்டாரா என்று தெரியாது.

பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் இந்த மாதிரி டிஜிட்டல் பதிவைக் கோர்ட்டில் ஏற்க 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டுமே, அதையும் உட்கார்ந்து நிரப்பினேன். என்ன கம்பெனி, என்ன சீரியல் நம்பர், பதிவு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண் என்ன, எல்லாம். கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். நான் வாயால் சொன்னதற்கு ஒரு தாளும் கிடையாது.

மூன்றாம் நாள் பையனுக்கு வலது கையில் மாவுக்கட்டு. ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தானாம். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, அவனே எடுத்திருக்கலாம். ஏற்கெனவே ஒரு கேஸ் இருக்கிறது. போனும் கிடைத்துவிட்டது என்றார்கள். யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன், அல்லது இதைவிட மோசமாக. என் போனையும் இதே ரயில்வே கேட் பக்கத்தில் ஒருமுறை பிடுங்கினார்கள். அன்றைக்கு யாராவது பார்த்துச் சொல்லமாட்டார்களா என்றுதானே நானும் ஏங்கினேன்?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஏ.கே. விஸ்வநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்று கடை கடையாகக் கேமரா மாட்டச் சொன்னார்களே, நான் தனியாகத் தொழில் பிடித்ததே அப்போதுதான். ஸ்டேஷனில் நாலு பேருக்கு முகம் தெரிந்தால் ஆர்டர் வரும். ஏட்டு என் தோளைத் தட்டி "உனக்கு நல்ல கண்ணுப்பா" என்றபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த அக்கா அடுத்த வாரம் கடைக்கு வந்தார். காசிமேட்டிலிருந்து நேராக வந்திருப்பார் போல, கூடையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். "தம்பி, நீதானே கேமரா பாக்குற. எம்புள்ள அதுல தெரியுறானா?"

"நைட்டு கேமரா அக்கா. முகமெல்லாம் தெரியாது. சட்டை கலரைக்கூட நம்ப முடியாது."

எவ்வளவு சரளமாக வந்தது! ஒரு வார்த்தை பொய் இல்லை. இதே வார்த்தைகளை ஏட்டிடம் சொல்ல எனக்கு எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "அதைத்தான் நானும் சொல்றேன், எவன் கேக்குறான்" என்றார். கடைக்காரர் என்னையே பார்த்தார். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் தண்டையார்பேட்டையில் வேறொரு கடை. அதே மாதிரி அழைப்பு. "யாருன்னு தெரியுதாப்பா?" என்று இந்தமுறை தெளிவாகவே கேட்டார்கள். "பாஸ்வேர்டு போட்டுட்டேன், நீங்களே பாருங்க சார்" என்று தள்ளி நின்றுகொண்டேன். நின்ற இடத்திலிருந்து திரை தெரிந்தது. மூன்று பேர் ஓடினார்கள். நான் அவர்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.