ஸ்டியரிங் யார் கையில்?

முதன்முதலாக வீஆர் ஹெட்செட் (கண்ணை மூடி மெய்நிகர் உலகைக் காட்டும் கருவி) மாட்டுகிறவரைக் கதிரையில் உட்கார வைத்து ரோலர்கோஸ்டரைக் காட்டும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ, அவர்மேல் எனக்குத் தீராத கோபம். அத்தோடு தலைசுற்றிக் குமட்டி, "எனக்கு இது ஒத்துவராது" என்று ஒதுங்கியவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

சித்தப்பா கண்டி – நுவரெலியா பஸ் சாரதி. இறம்பொடை வளைவுகளில் பாதிப் பயணிகள் ஷொப்பிங் பேக்கும் கையுமாக இருக்க, அவர் வெற்றிலை மென்றபடி ஓட்டுவார். அதே மனிதர் விடுமுறையில் பின் சீட்டில் ஏறினால் தோடம்பழத் தோலை முகர்ந்துகொண்டே வருவார். அடுத்த வளைவு எப்போது, எந்தப் பக்கம் என்று சாரதியின் உடம்புக்கு முன்பே தெரியும். பயணியின் உடம்புக்குத் தெரியாது.

பஸ்ஸில் போனைப் பார்த்தால், சமநிலையை அறியும் உட்காது வளைவை உணர்கிறது, கண்ணுக்கு எதிரே திரை அசையாமல் இருக்கிறது. வீஆரில் இது தலைகீழ். கண் பள்ளத்தில் பாய்கிறது. உட்காதுத் திரவமோ, "நீ கதிரையில்தான் இருக்கிறாய்" என்கிறது. இந்தச் சண்டையில் அடிபடுவது வயிறு. தலையைத் திருப்பும்போது படம் பிந்தி வந்தாலும் இதே கதிதான். அதனால்தான் அந்தத் தாமதத்தை ஏறத்தாழ 20 மில்லிசெக்கனுக்குள் அடக்கப் பொறியியலாளர்கள் பாடுபட்டார்கள்.

சித்தப்பாவிடம் கொன்ட்ரோலரைக் கொடுத்தேன். கட்டைவிரலால் குச்சியைத் தள்ளி நடந்தபோது சமாளித்தார். குச்சியாலேயே உடம்பைச் சுழற்றியதும் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. தம்பி கொன்ட்ரோலரை வாங்கி இடமும் வலமும் திருப்பிக் காட்ட, "நான் வெட்டினால் தாங்குகிறது, இவன் வெட்டினால் புரட்டுகிறது, மகள்" என்று கழற்றிவிட்டார்.

பிறகு அமைப்பை மாற்றினேன். நடப்பதற்குப் பதில் இடம்விட்டு இடம் தாவும் முறை. திரும்பும்போது ஒரே வெட்டில் 30 பாகை. இடையில் உலகம் சுழல்வதைக் கண் பார்ப்பதில்லை என்பதால் சண்டைக்கும் இடமில்லை. நகரும்போது காட்சியின் ஓரங்களை இருட்டாக்கும் வசதியையும் போட்டேன். அசைவை அதிகம் பிடிப்பது ஓரப்பார்வைதான்.

ஆனால் புதியவருக்கு நான் முதலில் கொடுப்பது 'பீட் சேபர்' என்ற வாள்வீச்சு விளையாட்டு. நின்ற இடத்திலேயே நின்று, வரும் கட்டைகளைக் கைகளால் வெட்ட வேண்டும். கை அசைந்தால் வாள் அசைகிறது, குனிந்தால் பார்வையும் குனிகிறது. கண்ணும் காதும் ஒரே கதையைச் சொல்கின்றன. எங்கள் தோட்டத்து லயன் வீட்டின் சின்ன அறையில் இதற்கு இடம் பிடிப்பதுதான் பாடு. இரண்டு மீற்றர் சதுரம் வேண்டுமென்றால் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்த வேண்டும், சித்தியின் முணுமுணுப்பையும் கேட்க வேண்டும்.

கொட்டாவி, வாயில் உமிழ்நீர், குளிர்ந்த வியர்வை: இவற்றில் ஒன்று தெரிந்தாலே கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அப்படி ஆடிய சிலருக்கு அடுத்த முறை ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது.