காரைக்குடித் தெருவில் பர்மாவும் சுவீடனும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம் என்று பெரிய சரக்குகளைத்தான் தேடுவார்கள். நான் போனது சில்லறைச் சாமான்களைப் பார்க்க. தூக்கு, சம்படம், வெற்றிலைப் பெட்டி, செம்பு. செட்டிநாட்டு வீடுகளின் வரலாற்றை முகப்பைவிட இவைதான் நன்றாகச் சொல்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில் எடுத்துப் பார்த்தது மங்குச் சாமான், அதாவது எனாமல் பூசிய அடுக்குக் கேரியர். வெளியே இளநீலம், உள்ளே வெள்ளை. விளிம்பில் பூச்சு உதிர்ந்த இடத்தில் கறுப்பாக இரும்பு தெரிந்தது. அடியைத் திருப்பினால் சுவீடன் முத்திரை. பக்கத்தில் இருந்த தட்டில் செக்கோஸ்லோவாகியா. அந்த நாடு உருவானதே 1918-இல்தான், ஆகவே தட்டு அதற்குப் பிந்தையது. இப்படி ஒரு முத்திரையை வைத்தே காலத்தைக் கணிக்க முடிகிறது.

இவ்வளவு தூரத்துப் பாத்திரம் ஏன் இங்கே வந்தது? பகட்டு மட்டும் காரணமில்லை. பித்தளையில் புளிக்குழம்போ தயிரோ வைத்தால் களிம்பு ஏறும், அடிக்கடி ஈயம் பூசியாக வேண்டும். மங்குப் பாத்திரத்தில் அந்தத் தொல்லை இல்லை. புளியும் காரமுமாகச் சமைக்கிற ஊருக்கு அது எத்தனை வசதி!

அப்புறம், வெற்றிலைப் பெட்டி. இதற்குத்தான் அதிக நேரம் செலவிட்டேன். உருளை வடிவம், செங்காவி நிறம், மேலே பச்சையும் மஞ்சளுமாக நூலிழைக் கோடுகள். கையில் எடுத்தால் மரம் போலக் கனக்கவில்லை. காரணம், உள்ளே இருப்பது மூங்கில் பின்னல். பர்மாக்காரர்கள் மூங்கிலை மெல்லிய இழைகளாகச் சீவிப் பின்னி, தித்சி என்ற மரப்பிசினை அதன்மேல் பூசுவார்கள். காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசுவார்கள். பிறகு ஊசியால் கோலத்தைக் கீறி, நிறத்தைத் தடவித் துடைப்பார்கள், ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான். நல்ல பெட்டி ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். பகான் நகரம் இந்த வேலைக்குப் பேர் போனது. மூடியைத் திறந்தேன். உள்ளே பொருந்தி உட்கார்ந்த தட்டு, அதன் ஓரத்தில் பழைய சுண்ணாம்புக் கறை. யாரோ ஓர் ஆச்சி தினமும் கைவைத்த இடம்.

1852-இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு ஐராவதிப் படுகையில் நெல் சாகுபடி பெருகியது. அந்த விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், முக்கியமானவர்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஆண்கள் பொதுவாக மூன்று வருஷக் கணக்கை முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். பெண்கள் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்து வீட்டை நடத்தினார்கள். ரங்கூனிலிருந்து திரும்புகிறவர்களோடு இந்தப் பெட்டிகளும் கப்பலேறின.

ஆனால் கடையில் குவிந்து கிடக்கும் சாமான்களில் பெரும்பகுதி சீராக வந்தவை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது பாத்திரங்களை டஜன் கணக்கில் அடுக்கி, பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள். ஒரே வீட்டில் இருந்தாலும் கல்யாணமான மகனை வேறு வைக்கும் வழக்கம் உண்டு. அப்படி வேறு வைத்த தம்பதியை ஒரு புள்ளி என்பார்கள். அந்தப் புள்ளிக்குத் தனி அடுப்பு, தனிச் சமையல். சீர்ச் சாமான் அங்கேதான் பயன்படும், மிச்சம் அறைக்குள் பூட்டியிருக்கும். நான் பார்த்த செம்பின் கழுத்தில், சிறு சிறு குத்துகளாக உளியால் வெட்டிய விலாசமும், அதாவது குடும்பத்தைக் குறிக்கும் முதலெழுத்துகளும், கீழே ஒரு பெண்ணின் பெயரும். பெரிய கணக்குகள் எல்லாம் ஆண்களின் பெயரில் இருந்த காலத்தில், அவள் பெயர் இந்தச் செம்பில் இருந்தது. அதைத் தடவிப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தது. நிலத்தைக் கப்பலில் ஏற்ற முடியாதே! 1942-இல் ஜப்பான் படை நுழைந்தபோது பல லட்சம் இந்தியர்கள் ஓடிவந்தார்கள், பலர் மலைக்காட்டு வழியே நடந்தே வந்தார்கள். 1963-64-இல் பர்மாவின் நே வின் ராணுவ அரசு வங்கிகளையும் கடைகளையும் நாட்டுடைமை ஆக்கியது. இங்கே பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியாமல் போனது. பாகம் பிரிந்தது, சாமான்கள் தெருவுக்கு வந்தன.

விற்பதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பங்காளிகள் பல ஊர்களில் இருக்கும்போது நூறு செம்பை யார் வைத்துக் காப்பது? ஆனால் ஒரே சீரில் வந்த பாத்திரங்கள் ஆளுக்கொன்றாகப் பிரிந்து போவது வேதனையாக இருக்கிறது. பெயர் வெட்டிய செம்பை மெருகு போட்டுத் தேய்த்து, எழுத்தையே அழித்து அலமாரியில் வைப்பது அதைவிடக் கொடுமை.

கடைக்காரரிடம், "அண்ணே, இது எந்த ஊர் வீட்டுச் சாமான்?" என்று கேட்டேன். தேவகோட்டைப் பக்கம் என்று சொல்லி, எந்த மாதிரி வீடு, என்னென்ன கூட வந்தன என்றும் சொன்னார். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, யாரும் கேட்பதில்லை. நீங்கள் போனால், பேரம் பேசுவதற்கு முன் இதைக் கேளுங்கள். ஊர்ப் பெயர், விலாசம், கூட வந்த சாமான்கள், இவ்வளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டு வையுங்கள். செம்பின் எழுத்தைப் படம் எடுத்து, கடைக்காரரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த வீட்டுப் பேத்தி யாராவது தேடி வந்தால் அவரால் காட்ட முடியும்.