ரோஜருக்கு அப்புறம்

"ரோஜர்னு சொல்லிட்டேம்லா அண்ணாச்சி, இன்னும் என்ன?"

காற்றாலை மேலிருந்து 'நான் சொல்ற வரைக்கும் மெஷினை ஸ்டார்ட் பண்ணாதே' என்றதற்கு வாக்கி டாக்கியில் அந்தத் தம்பி கேட்டது இன்னும் மனசைப் போட்டு அரிக்கிறது. நான் விடவில்லை. "என்ன செய்யப் போறன்னு உன் வாயால சொல்லு. அதுவரைக்கும் ஹப்புக்குள்ள போக மாட்டேன்" என்றேன். இறக்கைகள் வந்து சேரும் நடுக்கூடுதான் ஹப். பணகுடிப் பக்கம் அன்றைக்குக் காத்தாடி ஏறிய எங்கள் ஆட்கள் எல்லாருடைய செட்டிலும் அது கேட்டிருக்கும்.

விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் சைட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் சொல்லிக் கொடுத்த பாடம் இது. ரோஜர் என்றால் 'நீ சொன்னது வந்து சேர்ந்தது', அவ்வளவுதான். 'ரிசீவ்டு' என்பதன் முதல் எழுத்து ஆர். உலகப்போர்க் கால ரேடியோ எழுத்து வரிசையில் அந்த ஆருக்கு ரோஜர் என்று பெயர். 1950-களில் ஆர் ரோமியோவாக மாறியும் ரோஜர் போகவில்லை. சொன்னபடி செய்கிறேன் என்பதற்கு வில்கோ என்று தனியாக இருக்கிறது. ஓடுபாதை, உயரம் மாதிரி விஷயமென்றால் அதுவும் போதாது, விமானி உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 1977-ல் டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் செத்தார்கள். காரணங்கள் பல. புறப்படுகிறோம் என்ற விமானிக்குக் கோபுரத்திலிருந்து வந்த ஒரு 'ஓகே'யும் அதில் சேர்த்தி.

எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் "இலை போடு" என்றால்கூடப் பையன்கள் ரோஜர் என்கிறார்கள். அது இருக்கட்டும். 'நான் சொல்ற வரைக்கும் மெஷினை ஸ்டார்ட் பண்ணாதே' என்பதற்கு அது பத்தாது.

ஆனால் இறக்கை சுற்றாமல் பூட்டும் ரோட்டர் லாக் பின்னை நானே போட்டிருந்தேன். ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகாதபடி சுவிட்சையும் மாற்றியாகிவிட்டது. அவன் வாய் தவறியிருந்தாலும் இறக்கை சுற்றியிருக்காது. அப்படியென்றால் எதற்காக அத்தனை பேர் காதுபட அவனைத் திருப்பிச் சொல்ல வைத்தேன்? பின்னும் சுவிட்சும் இருக்கிறது என்று வாய்ப்பேச்சில் அசட்டையாக இருக்கலாமா என்றும் தோன்றுகிறது. கீழே இறங்கியதும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்றும் தோன்றுகிறது.

"என்மேல நம்பிக்கை இல்லேன்னு எல்லாருக்கும் சொல்லிட்டீங்க" என்றான். கொஞ்ச நாளில் வேறு டீமுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டான்.

இப்போது புதுப் பையன்கள் நான் கேட்காமலே முழு உத்தரவையும் திருப்பிச் சொல்கிறார்கள். ஒப்பிக்கிற வேகத்தில், நான் முடிப்பதற்குள்ளேயே. அதைக் கேட்டுவிட்டு ஹப்புக்குள் இறங்கும்போது, அந்தத் தம்பியின் வெறும் ரோஜரைவிட இது எந்த வகையில் உறுதி என்று எனக்குத் தெரியவில்லை.