ஆறு மணி நேரப் பழைய பச்சை

ஜூன் 3

மின்வாகன உரிமையாளர்களுக்கான பாதுகாப்பு ஆப்பின் முதல் வரைவு கைக்கு வந்தது. முகப்பிலேயே பன்னிரண்டு எண்கள்: வோல்டேஜ், கரண்ட், மாட்யூல் வாரியாக வெப்பநிலை. பொறியாளருக்கு இதெல்லாம் வேண்டும்தான். நடுராத்திரியில் போன் அலறி எழுந்தவருக்கு வேண்டியது ஒன்றுதான்: இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

ஜூன் 5

பேட்டரிப் பிரிவுத் தோழி பாதி நாள் உட்கார்ந்து விளக்கினாள். வண்டியின் பேட்டரி பல சிறு செல்கள் சேர்ந்தது. அதிலுள்ள லித்தியம் அயான் செல் ஒன்று ஓர் அளவுக்கு மேல் சூடேறிவிட்டால், உள்ளே நடக்கும் வேதிவினையே வெப்பத்தைக் கிளப்பும். அந்த வெப்பம் வினையை இன்னும் விரட்டும். அதற்குப் பிறகு சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்காது, பக்கத்துச் செல்லுக்குத் தாவும். இதுதான் தெர்மல் ரன்அவே. முன்கூட்டியே சில அறிகுறிகள் தெரியலாம்: ஒரு செல்லின் வோல்டேஜ் மட்டும் இறங்கிப்போகும், சும்மா நிற்கும் வண்டியில் சூடு ஏறும். கண்டுபிடிப்பது வண்டியிலுள்ள பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு. சேதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஆப்பின் வேலை.

2018இல் வந்த ஐ.நா. உலகளாவிய வாகன விதி எண் 20, ஒரு செல்லில் தொடங்கிய கோளாறு பயணிகள் பகுதியை ஆபத்தாக்குவதற்கு 5 நிமிடம் முன்பே வண்டி எச்சரிக்க வேண்டும் என்கிறது. அந்த ‘5 நிமிடம்’ என்பதைத் தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிட்டேன். அதில் அரை நிமிடத்தை பாஸ்வேர்டு கேட்டு வீணாக்க எனக்கு மனமில்லை. எச்சரிக்கைத் திரை லாகின் இல்லாமலே திறக்கும்.

ஜூன் 9

இன்று முழுக்க மூன்றே வரிகள்.

பழைய வாசகம்: “பேட்டரி வெப்பநிலையில் அசாதாரண நிலை கண்டறியப்பட்டுள்ளது. விவரங்களுக்குத் தொடவும்.” இதைப் படிக்கிறவர் என்ன ஆச்சு என்று பார்க்க நேரே வண்டியிடம்தான் போவார். செல்லிலிருந்து கிளம்பும் புகை நச்சு; தீப்பற்றவும் கூடியது.

புதியது: “வண்டி அருகே போகாதீர்கள். அங்கிருப்பவர்களை விலகச் சொல்லுங்கள். தீயணைப்புத் துறையை அழையுங்கள்.” கீழே அழைப்புப் பொத்தான் ஒன்று, கட்டைவிரல் எட்டும் இடத்தில்.

‘சார்ஜரைக் கழற்றுங்கள்’ என்றும் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். புகைகிற வண்டியிடம் ஒருவரை நானே அனுப்பக் கூடாது. சார்ஜிங்கை நிறுத்தும் கட்டளையை ஆப்பே அனுப்பட்டும்.

ஜூன் 10

ஐஃபோனில் சைலன்ட்டையும் மீறி ஒலிக்கும் கிரிட்டிக்கல் அலர்ட்டுக்கு ஆப்பிளிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பித்தாயிற்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்காக ஒவ்வொரு நிலைக்கும் வெவ்வேறு வடிவமும் கொடுத்தேன்.

ஜூன் 16

சோதனை வண்டியைச் சிக்னல் கிடைக்காத அடித்தளப் பார்க்கிங்கில் சார்ஜில் போட்டுவிட்டு வந்தோம். ஆறு மணி நேரம் கழித்து ஆப்பைத் திறந்தேன். பச்சை வட்டம், டிக் குறி, “உங்கள் வாகனம் பாதுகாப்பாக உள்ளது.”

அந்தத் தகவல் வந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. நடுவில் வண்டி எரிந்து போயிருந்தாலும் இதே பச்சைதான் சிரித்திருக்கும். கோளாறுச் செய்தி வந்தால் சிவப்பு, வராவிட்டால் பச்சை என்று எழுதியிருக்கிறோம். சேதி வராததும் நல்ல சேதி வந்ததும் ஒன்றாகுமா? வயிறு கலங்கிவிட்டது.

ஜூன் 17

‘பாதுகாப்பாக’ என்ற சொல்லையே ஆப் முழுக்க நீக்கினேன். இனி, “10:42 நிலவரம்: கோளாறு பதிவாகவில்லை.” சார்ஜில் இருக்கும்போது 15 நிமிடம் தகவல் வராவிட்டால் வட்டம் உடைந்து சாம்பல் நிறமாகும்.

“அடிக்கடி சாம்பலைக் காட்டினால் மிரண்டுபோய் ஆப்பையே அழித்துவிடுவார்கள்” என்றார் குழுத் தலைவர். நியாயமான கவலை. சும்மா நிற்கும் வண்டி 12 வோல்ட் பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கிவிடும், அப்போது தகவல் வராதது இயல்பு. அதனால் அந்த நிலைக்கு மட்டும் கெடுவை நீட்டினேன். சார்ஜிங்குக்கு நீட்ட ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூன் 20

மறுபடி அதே பார்க்கிங், அதே சார்ஜர். போனை, இந்த ஆப்பை இதுவரை பார்த்திராத ஒருவரிடம் கொடுத்தேன். பதினைந்தாவது நிமிடம் வட்டம் உடைந்தது: “2:10க்குப் பிறகு தகவல் இல்லை.”

“அப்போ வண்டி இப்போ எப்படி இருக்குன்னு இதுக்குத் தெரியாதா?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

நாளை வெள்ளத்தில் நனைந்த வண்டிக்கான திரை. உப்புநீர் புகுந்த பேட்டரி நாட்கள், வாரங்கள் கழித்தும் தீப்பிடிக்கலாம். அந்தத் திரையில் பச்சையே கிடையாது.