ரெய்னி ஆஸ்பத்திரி பக்கத்து டீக்கடை

மிஷனரிகள் தொடங்கிய ராயபுரம் ரெய்னி ஆஸ்பத்திரி பக்கத்து டீக்கடையில் நேற்று ஒரே விவாதம். "மிஷனரின்னாலே மதம் மாத்த வந்தவங்கதான்பா" என்றார் மீன் கூடையோடு நின்ற அண்ணன். ஆமாம், அதை அவர்கள் எப்போது மறைத்தார்கள்? 1706இல், 24 வயதுகூட நிரம்பாமல் தரங்கம்பாடியில் இறங்கிய, டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், ஆத்துமாக்களை இரட்சிக்கத்தான் வந்தார். ஆனால் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். டேனிஷ் கோட்டைத் தளபதியே அவரைச் சில மாதம் சிறையில் போட்டார். 36 வயதில் அங்கேயே மண்ணானார். வெறும் தலை எண்ணுவதற்கு இவ்வளவு பாடு எதற்கு? (நாம்தான் உயர்ந்தவர்கள் என்ற நினைப்பும் அந்த மிஷனரிக் கூட்டத்தில் இருந்தது, மறுக்கவில்லை.)

"சரி விடு, எங்கம்மா என்னை இந்த ஆஸ்பத்திரியிலதான் பெத்துச்சு" என்று சொல்லிவிட்டு அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டார்.