நான்காம் சுர இடைவெளியில் ஒரு கிட்டார்

கிட்டாரின் வழக்கமான சுருதியில் தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சேர்க்கிறோம். அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே 5 ஃபிரெட் (கழுத்தில் அரைச்சுரத்துக்கு ஒன்றாகப் பதித்த உலோகக் கட்டை) தூரம் இருக்க, ஜிக்கும் பிக்கும் இடையில் மட்டும் அது 4 ஆகக் குறைகிறது. கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, பிடித்துப் பாடுபவருக்கு இந்தக் குறைவு பேருதவி. ஜாஸ் ஸ்கேல்களை (சுர வரிசைகளை) பயில்பவருக்கோ, ஒரே டோரியன் ஸ்கேல், அதாவது நம் கரகரப்பிரியா ராகம், எந்தத் தந்தியில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்துக் கைவடிவத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

மெல்லிய இரண்டு தந்திகளான பி, ஈ ஆகியவற்றை அரைச்சுரம் உயர்த்தி சி, எஃப் என்று வைத்துவிட்டால் எல்லா இடைவெளிகளும் 5 ஆகிவிடும்; மேற்கத்திய இசையில் இந்த 5 ஃபிரெட் தூரமே நான்காம் சுர இடைவெளி. 1985இல் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தின் வழியே பெரும் புகழ் பெற்ற ஜாஸ் கிட்டார் கலைஞர் ஸ்டான்லி ஜோர்டன் வாசிப்பது இந்தச் சுருதியில்தான். அரைச்சுரம் ஏற்றும்போது தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுவதால், அவ்விரண்டுக்கும் சற்று மெல்லிய தந்திகளைப் பூட்டுவது நல்லது. அல்லது அவற்றை அப்படியே விட்டுவிட்டு, தடித்த நான்கு தந்திகளையும் அரைச்சுரம் இறக்கலாம்.

இந்தச் சுருதியின் உண்மையான பயன் மெலோடிக் மைனரில்தான் எனக்குத் தெளிந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே சுரங்களைக் கொண்டு ஜாஸ் கலைஞர்கள் வாசிக்கும் அந்த ஸ்கேல் நம் கௌரிமனோகரி. அதன் மத்யமத்தைச் சட்ஜமமாகக் கொண்டால் வாசஸ்பதியும், பஞ்சமத்தைக் கொண்டால் சாருகேசியும் பிறக்கின்றன. சிங்கப்பூரில் வீணை கற்றுத்தரும் என் அக்காவுக்கு இந்தக் கிரகபேதம் பால பாடம். ஜாஸிலோ அதுவே அன்றாடப் பிழைப்பு: ஜி7 கார்டு வரும்போது ஏ ஃபிளாட்டில் (ஏவுக்கு அரைச்சுரம் கீழே) கௌரிமனோகரி வாசித்தால் ஜியைச் சட்ஜமமாகக் கொண்ட ஆல்டர்டு ஸ்கேல் ஒலிக்கிறது, அதே கை அசையாமல் இருக்க, கார்டு மட்டும் டி ஃபிளாட் 7 ஆக மாறினால் அது வாசஸ்பதி. (ஆல்டர்டு ஸ்கேலில் பஞ்சமமே இல்லை என்பதால் கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா ராகங்களுள் அதற்கு இடமில்லை.) வழக்கமான சுருதியில் இவற்றைத் தேடும்போது கண் ஃபிரெட்களை எண்ணுகிறது, சீரான சுருதியில் ஒரு வடிவம் எந்தத் தந்திக்கு நகர்ந்தாலும் அதே வடிவமாக இருப்பதால், காது முன்னே செல்லக் கை பின்தொடர்கிறது. கார்டுகளிலும் இந்தச் சிக்கனம் உண்டு: அடுத்தடுத்த நான்கு தந்திகளில் பிடிக்கும் டிராப் 2 (மேலிருந்து இரண்டாம் சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிய) மேஜர் 7 கார்டின் நான்கு நிலைகளுக்கு வழக்கமான சுருதியில் 12 வடிவங்கள் தேவைப்பட்டன, இங்கே 4 போதும்.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் ரால்ஃப் பாட் 1960களில் மேலும் ஓரடி சென்று, எல்லாத் தந்திகளையும் 4 ஃபிரெட் தூரத்தில் சேர்த்தார். அதில் மூன்று தந்திகள் தாண்டினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கிடைக்கிறது. எல்லாச் சுரங்களும் 2 ஃபிரெட் தூரத்தில் அமைந்த ஹோல் டோன் ஸ்கேல் ஒவ்வொரு தந்தியிலும் ஒரே இரண்டு ஃபிரெட்களில் நேர்கோடாக நிற்கிறது. எனினும் ஆறு தந்திகளின் மொத்த வீச்சு சுருங்கிவிடுவதால் நான் அதில் நிலைக்கவில்லை.

விரல் வைக்காமலே தந்திகள் இசைந்து ஒலிக்கும் டி, ஏ, டி, ஜி, ஏ, டி போன்ற திறந்த சுருதிகளின் கார்வை அழகானது. ஆனால் சிங்கப்பூரின் எஸ்பிளனேட் நூலகத்தில் இரவல் வாங்கிய ஜாஸ் இசைக்குறிப்பு நூல்களைப் புரட்டினால், காற்றுக்கருவிகளுக்கு இசைவான பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப் ஆகியவற்றைச் சட்ஜமமாகக் கொண்ட பாடல்களே மிகுதி. பாடலின் நடுவிலும் சட்ஜமம் இடம்பெயரும். அங்கே டியில் முழங்கும் திறந்த தந்திகள் துணையாவதில்லை.

நான்காம் சுர இடைவெளிச் சுருதிக்கும் விலை உண்டு. ஆள்காட்டி விரலைக் குறுக்கே வைத்து ஆறு தந்திகளையும் மூடும் பழகிய பார் கார்டுகள் போய்விடுகின்றன. 1959இல் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் பில் எவன்ஸ் பியானோவில் நிலைநாட்டிய புகழ்பெற்ற ஐந்து சுரக் கார்டு, மூன்று நான்காம் இடைவெளிகளின் மேல் ஒரு மூன்றாம் இடைவெளி (4 ஃபிரெட்) கொண்டது. வழக்கமான சுருதியில் தடித்த ஐந்து தந்திகளை ஒரே ஃபிரெட்டில் அழுத்தினாலே அது கிடைத்துவிடும். புதிய சுருதியில் அதற்கு இன்னொரு விரல் வேண்டும். கூட்டுப்பாடலுக்குக் கார்டு வாசிக்க என்னை அழைக்கும் நாள்களுக்காக ஒரு கிட்டாரைப் பழைய சுருதியிலேயே வைத்திருக்கிறேன். ஸ்கேல் பயிற்சி முழுவதும் மற்றொன்றில்.