சேற்றிலிருந்து எழும் மூச்சு

ஆண்டவர் நம்மை மறந்துவிட்டாரோ என்று மனசு கனக்கும் நாளில் எண்ணூர் கழிமுகத்துக்குப் போங்கள். கடல் இறங்கித் தண்ணீர் வடியும் நேரம் முக்கியம். ஏறியிருந்தால் ஒன்றும் தெரியாது. அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வலை வீசும் அண்ணன்மாரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றில் பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்பவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் பிராணவாயு மிகக் குறைவு. அதனால் ஆண்டவர் வேரையே மேல்நோக்கி வளர வைத்திருக்கிறார். எவ்வளவு கரிசனம்! மிதித்துவிடாதீர்கள். 2023 டிசம்பரில் இங்கே பரவிய எண்ணெய் இந்த வேர்கள்மேல்தான் படிந்தது. வேர் மூச்சுவிடும் நுண்துளை அடைத்தால் மரம் திணறும்.

இலை வெளியேற்றும் உப்பு வெயிலில் மினுங்கும். கழிவு கலந்த நீர் இது, அந்த உப்பை நாக்கில் வைக்காதீர்கள். அசையாமல் நில்லுங்கள், வளையிலிருந்து நண்டு வரும்வரை.